மறு உத்தரவு வரும்வரை

கூனிமேடு ஹபீப் முஹம்மது ஒரு வெள்ளிக்கிழமை மதியம் இறந்திருக்க வேண்டியவர். கட்டட வழக்கில் வந்த இடைக்கால உத்தரவினால் இறக்கவில்லை. ஈரல் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பாதி கட்டிய வீடுதான் என்றாலும் சொந்தக் கூரையின் கீழ் போகட்டும் என்று மனைவி சைபுன்னிசா அவரைக் கீழ்த்தளத்து முன்னறையில் கிடத்தியிருந்தாள். பக்கத்தில் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் கோர்ட்டில், மறு உத்தரவு வரும்வரை கட்டடத்தில் தற்போதுள்ள நிலையே நீடிக்க வேண்டும் என்று உத்தரவானது. ஹபீபின் அடுத்த மூச்சு முந்தைய மூச்சைப் போலவே வந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார்.

வழக்கு இதுதான். உப்பளத்தை ஒட்டி ஈசிஆர் ஓரத்தில் ஹபீபுக்கு ஒரு மனை இருந்தது. மரக்காணத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் தேவநாதன் அவரோடு பள்ளியில் படித்தவர். தேவநாதன் தன் செலவில் மூன்று தளம் கட்டுவது, கீழ்த்தளம் ஹபீபுக்கு, மேலே உள்ளவை தேவநாதனுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டாவது தளத்தின் சுவர் எழும்பும்போது மண்ணிலும் பங்கு உண்டா என்ற பேச்சு வந்தது. மேலே கட்டிக்கொள்ளத்தான் கொடுத்தேன், மண்ணைக் கொடுக்கவில்லை என்றார் ஹபீப். மண் இல்லாமல் என் வீடு எதன்மேல் நிற்கும் என்று தேவநாதன் கேட்டார். இரண்டும் நியாயமாகப் பட்டதால் ஊரில் யாரும் தீர்த்து வைக்கவில்லை.

உத்தரவை வீடு மதித்தது. உப்புக் காற்றில் கம்பி ஒரு மழைக்காலம் தாங்காத ஊர் அது. மேல்தளத்துத் தூண்களில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளோ கடையிலிருந்து இறக்கிய அன்று இருந்ததுபோலவே கிடந்தன. உத்தரவான நாள் காலையில் பூசிய சுவர் தொட்டால் கையில் ஒட்டியது. ஈரச் சிமெண்டு வாசம் வருடக்கணக்கில் தெருவில் நின்றது. அடுப்படியில் காய்ச்சி வைத்த பால் திரியவில்லை. பன்னிரண்டு வயது மகள் ஃபாயிசாவின் யூனிஃபார்ம் இரண்டு வருடம் அளவு மாறாமல் இருந்ததைக் கவனித்த சைபுன்னிசா, வளர்வதற்காக அவளைப் பாண்டிச்சேரியில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். அங்கே போன ஆறே மாதத்தில் பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது.

ஹபீபின் தாகமும் அப்படியே இருந்தது. குடித்து முடித்த தம்ளரைக் கீழே வைப்பதற்குள் மறுபடி கேட்பார்.

தேவநாதன் சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார். சைபுன்னிசா ஒத்துக்கொள்ளவில்லை. பேராசைக்காரி என்று ஊர் பேசியது. ஒருநாள் அவரே வந்து வாசலில் நின்றார்.

"ஏம்மா, மண்ணுல எனக்குப் பங்கே வேணாம்னு எழுதித் தர்றேன். இன்னும் என்னதான் வேணும் உனக்கு?"

"கேஸு வேணும்ணே. கேஸு முடிஞ்சா இவரு மௌத்தாயிடுவாரு."

தேவநாதன் உள்ளே போய்ப் பார்த்தார். கட்டிலில் கிடந்த ஹபீப் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் தேவநாதா, முடிச்சு விட்டுடுடா. தாகம் தாங்கல."

"அதைக் காதுல வாங்காதீங்கண்ணே. வாய்தா வாங்குங்க," என்றாள் சைபுன்னிசா.

தேவநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கூடப் படித்தவனைத் தன் கையெழுத்தால் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அதன்பிறகு ஒரு தடவை அவர் வாய்தா கேட்பார், மறு தடவை அவள் கேட்பாள். தேவநாதனுக்குத் தலை நரைத்தது, ஒரு கண்ணில் புரை விழுந்தது. ஹபீப் நாற்பத்தெட்டிலேயே இருந்தார். ஃபாயிசாவின் நிக்காஹ்வுக்குக் கட்டிலில் இருந்தபடியே, இரண்டு மடக்குத் தண்ணீருக்கு நடுவில் சம்மதம் சொன்னார்.

ஏழாம் மாதத்தில் ஃபாயிசாவைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்தார்கள். வாசற்படியைத் தாண்டியதும் வயிற்றில் குழந்தை அசைவதை நிறுத்தியது. "அம்மா, உதைக்கலம்மா!" என்று கத்திக்கொண்டு அவள் வெளியே ஓடினாள். ஈசிஆர் ஓரத்தில் லாரிப் புழுதியில் நின்றபோது உதைத்தது. மறுபடி உள்ளே வந்தாள், நின்றுவிட்டது. பிறகு அவள் வீட்டுக்குள் வரவே இல்லை. ரோட்டோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளை ஹபீப் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"சைபு, வர்ற உசுரு வெயில்ல நிக்குது. போற உசுரு உள்ள படுத்திருக்குது. இது ஞாயமா, நீயே சொல்லு."

அவள் கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உங்களுக்காகன்னு தேவநாதன் அண்ணன்கிட்ட சொன்னேன். எனக்காகத்தாங்க உங்கள வச்சிருந்தேன்," என்றாள்.

"தெரியும். அதான் நானும் தண்ணி கேட்டுக்கிட்டே கெடந்தேன்," என்றார் ஹபீப்.

சமாதான மனுவில் மண் முழுதும் சைபுன்னிசாவுக்கே என்று எழுதச் சொன்னார் தேவநாதன். அவள் பாதி போதும் என்று அடித்து எழுதச் செய்து கையெழுத்திட்டாள். தீர்ப்பு நாளன்று தேவநாதன் மட்டும் கோர்ட்டுக்குப் போனார். சைபுன்னிசா கணவனின் தலையை மடியில் எடுத்து வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே கம்பிகள் படபடவென்று சத்தமிட்டுத் துருவாக உதிர்ந்தன. ஈரச் சுவர் ஒரே வீச்சில் காய்ந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விரிசல் விட்டது. அடுப்படியிலிருந்து புளித்த பாலின் நாற்றம் வந்தது. ஹபீப் தம்ளரைக் காலி செய்தார். இன்னொன்று கேட்கவில்லை. "முடிஞ்சுதும்மா," என்று தேவநாதன் போனில் அழுதபோது, இங்கேயும் முடிந்திருந்தது.

வெளியே காத்திருந்த ஃபாயிசா உள்ளே வந்தாள். குழந்தை உதைத்துக்கொண்டே இருந்தது. அவள் அழுதபடி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஜமாஅத்திலிருந்து மையித்தைக் குளிப்பாட்ட வந்தவர்கள் முதல் குடம் ஊற்றும்போது ஹபீபுக்குத் தாடி வளரத் தொடங்கியது. இரண்டாவது குடத்தில் கழுத்துக்கு வந்தது, மூன்றாவதில் நெஞ்சுக்கு. முழுதும் வெள்ளை. நின்றுபோன வருடங்கள் வந்து சேரட்டும் என்று அவர்கள் கொஞ்சம் காத்திருந்தார்கள். பிறகு மூத்தவர் கையாலேயே அதைக் கோதி ஒழுங்குபடுத்தி, கஃபன் துணியை மேலே மூடினார்.

"அஸர் தொழுகைக்கு முன்னாடி எடுத்துடணும்பா, தூக்குங்க," என்றார்.

தூக்கினார்கள்.