நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா

கண் டாக்டர்கள் மலையூரான அங்கோருனாவுக்கு வந்த மூன்றாம் நாள் பிற்பகல், பள்ளிக்கூட அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெலிதாவுக்கு உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டிக் என்று இயந்திரம். உடனே டக் என்று பொத்தான். டிக், டக். டிக், டக். சுவர்க்கடிகாரம் போல ஒரு பிசகில்லாமல் போனது. உள்ளே இருந்தவன் அவள் தம்பி ஹசிந்தோ.

மூன்று நாளில் நாற்பது ஆண்களைப் பெயர் சொல்லி அழைத்து அந்த அறைக்குள் அனுப்பியவள் அவள். ஊரின் சுகாதார நிலையத்தில் மருந்துப் பெட்டிக்கும் வானொலிக் கருவிக்கும் பொறுப்பாக இருந்ததால் டாக்டர்கள் அவளையே உதவிக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நடுவிலுள்ள மஞ்சள் விளக்கையே பார்க்க வேண்டும். ஓரங்களில் எங்காவது ஒளிப்புள்ளி மினுக்கும். தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். கழுகுக்கண் உள்ளவன்கூட ஒன்றிரண்டைத் தவறவிடுவான், தயங்குவான். இப்படி யாரும் அழுத்தியதில்லை.

முதல் நாளே இயந்திரத்தை இயக்க வந்த மிர்த்தா என்ற பெண் அவளிடம் சொல்லியிருந்தாள். "சில பேரு வெளிச்சத்தப் பாக்காம மெஷின் சத்தத்துக்கு அழுத்துவாங்கக்கா. அதுக்காகத்தான் மெஷினும் அப்பப்ப வெளிச்சம் விடாம சும்மா சத்தம் மட்டும் போடும். அதுக்கும் அழுத்தினா மாட்டிக்குவாங்க. தாளுக்கு அடியில கணக்கு வந்துடும்."

அங்கோருனாவின் ஆண்களுக்குக் காது கூர்மை. கூர்மையாக்கிக்கொள்ளாமல் முடியாது. ஊரில் மூன்றில் ஒருவனுக்கு அந்த நோய் இருந்தது. "அவனுக்கு மாலை ஏறிடுச்சு" என்பார்கள், சாயங்கால இருட்டு கண்ணில் ஏறியதாக. குருடு என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. முதலில் இருட்டில் தெரியாமல் போகும், பிறகு பக்கங்கள் போகும், கடைசியில் மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும், அதுவும் ஒருநாள் அணைந்துவிடும். தலைநகர் லிமாவிலிருந்து வந்திருந்த டாக்டர் பெனவென்தே ஊர்க்கூட்டத்தில் அதை விளக்கினார். விழித்திரை ஓரத்திலிருந்து உதிர்கிறது என்றும், பழுது தாய்மார்களின் ரத்தத்தில் சத்தமில்லாமல் வந்து மகன்களின் கண்ணில் வெளிப்படுகிறது என்றும் சொன்னார். மருந்து இன்னும் இல்லை. யாருக்கு எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று தெரிந்தால்தான் மருந்தைத் தேட முடியும். அதற்குத்தான் இந்தச் சோதனையும் ரத்தமும். கடைக்கார அபுந்தியோ சொட்டுமருந்தால் மங்கிய கண்ணோடு எழுந்து, "டாக்டரம்மா, இன்னும் ரெண்டு சொட்டு குடுங்க. இருபது வருசத்துல என் பொண்டாட்டி இன்னிக்குத்தான் அழகா தெரியுறா" என்றார். அவர் மனைவி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நெலிதாவும் சிரித்தாள். அது முதல் நாள்.

அந்தக் கூட்டத்திலேதான் வாய்க்கால் தலைவர் தோன் செலெஸ்தினோ ஒரு முடிவைச் சொன்னார். இந்த வருடம் மதகுக்காரன் வேலை, டாக்டர்களின் சோதனையில் கண் நன்றாக இருப்பவனுக்கு மட்டும்தான். மதகுக்காரன் தினமும் மதியத்துக்குமேல் மலையேறி, பீச் பழத் தோட்டங்களுக்கான தண்ணீரைத் திருப்பிவிட்டு இறங்க வேண்டும். வழியில் புருவம் என்று ஊரார் சொல்லும் இடம் இருக்கிறது. செங்குத்துப் பாறையில் வாய்க்காலை ஒட்டி ஓரடி அகலத்துக்குப் போகும் பாதை அது. உள்பக்கம் பாறை. வெளிப்பக்கம் ஒன்றுமில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் அவர்களுடைய அப்பா விழுந்தது அங்கேதான். மாலை ஏறிய ஆண்களை வீட்டுப் பெண்கள் தோள்துணியின் நுனியைப் பிடிக்கக் கொடுத்து முன்னால் நடந்து கூட்டிப்போவது ஊர் வழக்கம். அன்று நெலிதா துணியை நீட்டினாள். அப்பா வாங்கவில்லை. "எனக்கு வழி தெரியும், போடி" என்றார். அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர் குரலில் இருந்த எரிச்சலை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அவர் முகம்கூடச் சில நாட்களில் மங்கிவிடும். அந்தக் குரல் மங்கியதில்லை.

கதவு திறந்தது. ஹசிந்தோ சிரித்துக்கொண்டே வந்தான். இருபத்தேழு வயது, அப்பாவின் தோள்கள். "முடிஞ்சுது. சுலபம்" என்றான். மிர்த்தா கம்பிகளைச் சுருட்டிக்கொண்டே தாளை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணின் படம் ஏறக்குறைய வெள்ளையாக இருந்தது. கறுப்புதான் கெட்டது. நன்றாக இருக்கிறது, வாய்க்கால் தலைவருக்குப் போகும் பட்டியலில் எழுதிவிட்டுத் தாளை மற்றத் தாள்களின் கட்டோடு வைத்துவிடுங்கள் என்று நெலிதாவிடம் கொடுத்தாள். வேன் வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

நெலிதா தாளின் அடியைப் பார்த்தாள். வெறும் சத்தத்துக்கு அழுத்தியது, பதினொன்றில் ஒன்பது.

தலை நிமிர்ந்தபோது ஹசிந்தோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பு போகவில்லை, ஆனால் உறைந்திருந்தது. மிர்த்தாவிடம் சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். ஆனால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாதவரை ஒருவேளை இயந்திரம் தப்பாக இருக்கலாம். பட்டியலில் அவன் பெயருக்கு நேராக "நன்று" என்று எழுதி, தாளைக் கட்டின் நடுவில் செருகினாள்.

மறுவாரம் ஹசிந்தோ மதகுச் சாவியை வாங்கிக்கொண்டான். அம்மா ஊருக்கே கேட்கும்படி பெருமூச்சு விட்டாள். இந்த வீட்டில் ஒரு கண்ணாவது பிழைத்ததே என்றாள்.

அதற்குப்பின் நெலிதா சாயங்காலங்களில் வேறு வேலை வைத்துக்கொள்ளவில்லை. நாலு மணிக்கெல்லாம் சுகாதார நிலையத்து வாசலில் நின்று மலையைப் பார்ப்பாள். எதிர்மலையின் நிழல் அடிவாரத்திலிருந்து மெல்ல ஏறும். நிழல் புருவத்தைத் தொடுவதற்குள் அவனுடைய சிவப்புத் தொப்பி வளைவைத் தாண்டியிருக்கும். தாண்டியதும் அவள் உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பாள். வீட்டில் அவன் கிண்ணத்தைக் கைதடவி எடுக்கிறானா, உருளைக்கிழங்கை முள்கரண்டி தவறவிடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். "என்னக்கா, என் மூஞ்சியில சோளமா முளைச்சிருக்கு?" என்று கேட்பான். அம்மா சிரிப்பாள். ஒருநாள் பக்கத்தில் ஓசைப்படாமல் கையை நீட்டிப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. கை அவன் காதருகே அப்படியே நின்றது. பயத்தில் அதை இறக்கவும் தோன்றவில்லை.

சாவி வாங்கிய பன்னிரண்டாம் நாள் மூன்றரை மணிக்கு வானொலிக் கருவி கரகரத்தது. டாக்டர் பெனவென்தேதான் பேசினார். ஹசிந்தோவின் தாள் நம்பத்தக்கதல்ல, அந்தப் படத்துக்கு மதிப்பில்லை என்றார். அப்போது எடுத்த உள்கண் புகைப்படத்தைப் பார்த்தால் நோய் நன்றாக முற்றியிருக்கிறது. அந்திக்குமேல் அவரைத் தனியாக எங்கும் விட வேண்டாம், லிமாவுக்குக் கூட்டிவாருங்கள் என்றார். பட்டியலில் எப்படி "நன்று" என்று வந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது நெலிதாவுக்கு.

வாசலுக்கு வந்தாள். அவன் மேலே போய் இரண்டு மணி நேரமாகியிருந்தது. வரட்டும், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றாள். நிழல் ஏறியது. பாதி மலை. அதற்கும் மேலே. புருவம் கருத்தது. சிவப்புத் தொப்பி வரவில்லை.

அவள் ஓடினாள். ஆட்டுப்பாதையில் ஏறும்போது இரண்டு முறை விழுந்தாள். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது, அவள் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது, கல், புல், தண்ணீரின் வெள்ளிக் கோடு. தனக்குத் தெரிவது அவளை இன்னும் பயமுறுத்தியது. கூப்பிட நினைத்தாள். குரல் கேட்டுத் திரும்பினால்? வாயைப் பொத்திக்கொண்டு புருவத்தின் முனைக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

பாதையின் நடுவில் அவன் பாறையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தான். இரண்டு கைகளும் விரிந்து பாறையைப் பற்றியிருந்தன. தொப்பி இல்லை. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"ஹசிந்தோ" என்றாள், தொட்டிலில் தூங்கும் குழந்தையிடம் பேசுவது போல. "நான்தான். அசையாத."

"அக்கா." குரல் வறண்டிருந்தது. "மதகுல மரம் அடைச்சுக்கிச்சு. எடுக்க நேரமாயிடுச்சு."

"சரி."

"எழுபத்திரெண்டு அடிக்கா, மொத்தம். எண்ணிக்கிட்டேதான் போவேன். நடுவுல கால்கிட்ட ஒரு கல்லு உருண்டுச்சு. நின்னேன். எண்ணிக்கை விட்டுப்போச்சு. நாப்பத்தி ஒண்ணா, நாப்பத்தி ரெண்டான்னு தெரியல."

நாற்பத்திரண்டாம் அடியில் பாதை உள்ளே வளைகிறது. நேராக வைத்தால் காற்றுதான். அப்பா வைத்தது அந்த அடியாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் பக்கவாட்டில் ஒவ்வொரு அடியாக நகர்ந்து போனாள். தோள்துணியை அவிழ்த்து நுனியை அவன் விரல்களில் வைத்தாள். அவன் பிடிக்கவில்லை. அப்பாவின் வார்த்தைகள் அவன் வாயிலிருந்து வரப்போகின்றன என்று அவள் காத்திருந்தாள்.

விரல்கள் மெல்ல மூடின.

கடைசி வளைவு தாண்டி மண்பாதைக்கு வந்தபிறகும் அவன் துணியை விடவில்லை. நடந்துகொண்டே கேட்டான். "உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. தாள்ல இருந்துச்சு."

"தெரிஞ்சுதான் எழுதினியா?"

அவள் முன்னால் நடந்தாள். அவன் துணியைச் சுண்டி விட்டுவிட்டு, பாதையோரப் புதர்களைக் கையால் தடவிக்கொண்டே தனியாக நடந்தான். வீடுவரை அவள் பின்னால் போனாள். அன்று இரவு அவன் அவளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

ஊர்க்கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள். தோன் செலெஸ்தினோ சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இனி வாய்க்கால் விஷயத்தில் நெலிதா எழுதுகிற எதையும் இந்தக் கூட்டம் ஏற்காது என்றும் சொன்னார். அவரை அவள் குறை சொல்ல முடியாது. அம்மா பெஞ்சின் முனையில் தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

லிமாவில் அந்த அறை வெள்ளையாகவும் குளிராகவும் இருந்தது. ஹசிந்தோ உள்ளே போகுமுன் வாசலில் நின்றான். "சத்தத்துக்கு அழுத்த மாட்டேன், போதுமா?" என்றான். இரண்டு வாரத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை அது.

கதவு சாத்தப்பட்டது. நெலிதா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள்.

டிக். டிக். டிக். பொத்தான் சத்தமே இல்லை. டிக். டிக். அவள் எண்ணத் தொடங்கினாள். பத்து. பதினைந்து. முன்பு அந்தச் சீரான சத்தத்தைக் கேட்டபோது வந்த பயம் இந்தப் பயத்துக்கு எதிரே ஒன்றுமே இல்லை. அழுத்துடா, பொய்யாகவாவது ஒருமுறை அழுத்துடா என்று வாய்வரை வந்தது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

டக்.

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, அடுத்ததற்காக மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள்.