அழிக்கச் சொன்ன போட்டோ

“ஓடிபி யார் போனுக்கு வரும்? அத மட்டும் சொல்லு.”

“அக்கா, நான் சொல்றத முழுசாக் கேளு, ஆன்லைன்ல ஏத்திட்டோம்னா...”

“யார் போனுக்குடா வரும்?”

“என் போனுக்குத்தான். உனக்கு ஓடிபி பாக்கத் தெரியுமா?”

“அப்பக் கடை யாருதுன்னு கேக்குறேன்!”

மோகன்குமார் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினான்.

நாகல்நகரில் அந்தக் கல்யாணத் தகவல் நிலையம் கௌசல்யா வீடு வீடாக ஏறி இறங்கி உண்டாக்கியது. மில் வேலையை விட்டுவிட்டு வந்த தம்பியைக் கம்ப்யூட்டரில் உட்கார வைத்ததும் அவள்தான். ஜாதகம், போட்டோ எல்லாம் இப்போது அந்த ஒற்றைப் பெட்டிக்குள். போன மாதம் அது திடீரென்று கண்ணை மூடிக்கொண்டது. பழுது பார்க்க வந்தவர் எப்படியோ உயிர் கொடுத்துவிட்டு, “இன்னொரு காப்பி எடுத்து வச்சுக்கங்க. அடுத்த தடவயும் காப்பாத்த நான் கடவுள் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்த சண்டை இது.

தம்பி பெண்டாட்டி வேடசந்தூரில் கடைக்கு இடம் பார்க்கிறாள் என்று ஒரு பேச்சு காதுக்கு வந்திருந்தது. கேட்டதற்கு, பேன்சி ஸ்டோருக்கு என்றான். வளையல் விற்கப் போகிறவனுக்கு இத்தனை வீட்டுப் பெண்களின் போட்டோ தன் போனுக்குள் எதற்கு? கௌசல்யாவுக்குச் சோறு இறங்கவில்லை.

“ஹார்ட் டிஸ்க்குல எடு. கையில புடிக்கலாம், பீரோவுல வச்சுப் பூட்டலாம்.”

“யார் வீட்டு பீரோவுல?”

“எங்க வீட்டு பீரோவுலதான்.”

“இப்ப நான் கேக்குறேன், கடை யாருது?”

“ஏலே, வாய் ரொம்ப நீளுது.”

“கீழ விழுந்தாப் போச்சு, களவு போனாப் போச்சு. ஆன்லைன்னா எந்த மூலைல இருந்தும் எடுக்கலாம்க்கா.”

“அதத்தான் நானும் சொல்றேன், எந்த மூலைல இருக்கவனும் எடுப்பான். நம்பிக் குடுத்த புள்ளைகடா. கத்தரிக்கா மூட்டையா, கண்ட எடத்துல எறக்கி வைக்க?”

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. ரெட்டியார்சத்திரத்து ராமுத்தாய். அவள் மகள் தமிழ்மதிக்கு இங்கே பார்த்த வரன்தான் அமைந்தது, நிச்சயமும் முடிந்திருந்தது. நிச்சயமானால் ஜாதகத்தை வெற்றிலை பாக்கோடு திருப்பிக் கொடுத்து, பெண்ணின் போட்டோவை வீட்டார் கண் முன்னாலேயே அழித்துக் காட்டுவது கௌசல்யாவின் வழக்கம். அவள் பேர் ஊருக்குள் நிற்பதே அதனால்தான்.

“வாங்க மதினி, உக்காருங்க. காப்பி சொல்றேன்.”

“காப்பியெல்லாம் இருக்கட்டும் தாயி. மொதல்ல போட்டோவ அழிச்சுக் காட்டு. மாப்ளயோட அத்தை ஒரு மாதிரி. பொண்ணு போட்டோ இன்னும் எங்கயாச்சும் சுத்துதானு கேக்குது. எங்கயும் இல்லேன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணிட்டு வந்துருக்கேன். இனி எவன் கையிலயாவது தெரிஞ்சா, நாங்க இன்னும் வேற எடம் பாக்குறோம்னு சொல்லிக் கல்யாணத்தையே நிறுத்திப்புடுவாக.”

மோகன்குமார் படத்தைத் திறந்தான். நீலப் பட்டில் தமிழ்மதி சிரித்தாள். அழித்தான். குப்பைக்குள் போனதையும் திறந்து காட்டி, அங்கேயும் அழித்தான்.

“அம்புட்டுதான் மதினி. போச்சு.”

கௌசல்யா ஜாதகமும் வெற்றிலை பாக்கும் வைத்த தட்டை நீட்டினாள். ராமுத்தாய் கை நீட்டவில்லை.

“நான் படியேறும்போது காப்பி எடுக்குறது, ஏத்துறதுன்னு ரெண்டு பேரும் கத்துனீங்களே. அது என்ன?”

“அது இனிமேத்தான் மதினி. இன்னும் ஒண்ணும் பண்ணல.” சொல்லும்போதே பீரோவின் ஞாபகம் வந்தது. அதை அப்படியே உள்ளே அமுக்கினாள்.

ராமுத்தாயின் பார்வை மோகன்குமார் மேல் போனது. அவன் மேசையிலிருந்த போனை மெல்ல எடுத்துச் சட்டைப்பையில் போட்டான். கௌசல்யாவும் பார்த்தாள்.

“தம்பி, போனக் குடு.”

“எதுக்கு?”

“குடுடா!”

பிடுங்கித்தான் வாங்கினாள். விரல் வைத்த இடமெல்லாம் முகங்கள். தள்ளத் தள்ள வந்தார்கள், அவளை அக்கா என்றும் மதினி என்றும் கூப்பிடுகிற வீட்டுப் பெண்கள். நடுவில் நீலப் பட்டு.

“ஏத்திட்டியாடா? எங்கிட்டக் கேக்காமலே ஏத்திட்டியா?”

“பெட்டி மறுபடியும் செத்தா யாருக்கா பதில் சொல்றது? உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

“வேடசந்தூர்க் கடைக்குன்னு சொல்லு. நான் ஏமாந்தவ!”

“நீ மட்டும் யோக்கியமா? பீரோவுல போர்வைக்கு அடியில வச்சிருக்கியே ஒரு ஹார்ட் டிஸ்க் டப்பா, அத எடுத்து வையி இங்க.”

கௌசல்யா போனை மேசை மேல் வைத்தாள்.

“நான் இல்லாதப்ப பக்கத்து வீட்டு நிஹாலக் கூட்டியாந்து காப்பி எடுத்தேல்ல? நான் களவாண்டுட்டுப் போயிருவேன்னுதான எடுத்த? அவன் எங்கிட்டச் சொல்லாமலா இருப்பான்?”

“அது... அது பூட்டுக்குள்ள இருக்குடா. வெளிய போகாது.”

“நேரா டப்பாவுலயா எடுத்தான்? மொதல்ல அவன் லேப்டாப்ல ஏத்தி, அங்கருந்துதான எடுத்தான்? அதுல இருந்து அழிச்சானான்னு கேட்டியா நீ?”

அவள் கேட்டிருக்கவில்லை. அப்படிக் கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. தம்பி மேலேயே கண்ணாக இருந்ததில், நிஹாலுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, நல்ல பையன் என்று வாழ்த்தியும் அனுப்பியிருந்தாள்.

தட்டில் வெற்றிலை மேல் மடித்து வைத்த ஜாதகம் அப்படியே இருந்தது. ராமுத்தாய் அதைத் தொடாமல், இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சத்தியம் பண்ணிட்டு வந்துருக்கேன் தாயி. இன்னும் எங்கெங்க இருக்கா எம்மக?”