முதல் நாளே பதவியேற்ற சலூன்காரர்

1.

"மீசை எங்கய்யா? என் மீசை எங்க?"

"இருக்கே மாப்பிள்ளை. கிட்ட வந்து பாருங்க."

"கண்ணாடியில மூக்க ஒட்டிப் பாத்தாதான் தெரியும்னா அதுக்குப் பேரு மீசையா? அழுக்கு!"

"மாமா, கத்தாதீங்க. அப்பா, மொதல்ல அந்தக் கத்திரிக்கோலைக் கீழ வைங்க."

இந்தக் கதை இப்படித்தான் பிறந்தது. சலூனுக்கு நேர் எதிரே, முதல் மாடியில் என் வீடு. நான் ஒட்டுக் கேட்கவில்லை; பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். (ஏற்கெனவே காய்ந்த துணியை. அது உங்களுக்கு எதற்கு?)

கத்தியவர் மருந்துக்கடைக்காரர். கத்திரிக்கோலோடு நின்றவர் சலூன்காரர், மருந்துக்கடைக்காரர் மனைவிக்கு அண்ணன். நடுவில் மாட்டிக்கொண்டவள் சலூன்காரரின் மகள். அவள் ஒரு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அசைக்க முடியாத கட்சித் தலைவர் ஒருவரை, கூடவே இருந்து கும்பிட்டவர் கவிழ்த்துவிட்டுப் பதவிக்கு வருகிறார். தலைவராக மாமா, கவிழ்ப்பவராக அப்பா. மறுநாள் மாலைக்குள் படம் போட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். தேறினால் பெரிய நகரத்தில் ஓர் எடிட்டிங் கூடத்தில் வேலை. தேறாவிட்டால் கேமராவைப் பரணில் போட்டுவிட்டு மாமாவின் மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார வேண்டும் என்பது வீட்டு முடிவு.

பாக்கியிருந்தது ஒரே காட்சி, படத்தின் முதல் காட்சி. புகழின் உச்சியில் இருக்கும் தலைவர் பால்கனியில் நின்று மீசையை முறுக்கியபடி கூட்டத்தைப் பார்க்கிறார். பால்கனி என்னுடையது, தயாராக இருந்தது. மீசைதான் இல்லை.

2.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்களையும் காட்டிவிடுகிறேன். என்னிடம் ஒளிவுமறைவு கிடையாது.

"அதிகாரம் என்பது ஒரு நாற்காலியைப் போல..." வேண்டாம். அந்த நாற்காலியில் எல்லோரும் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

"வியாபாரிகள் சங்கத் தேர்தலில் இருவருக்கும் பகை மூண்டு..." இதில் பாதி உண்மை. சங்கத் தலைவர் பதவிக்குச் சலூன்காரர் நிற்பதும் மருந்துக்கடைக்காரர் ஜெயிப்பதும் வழக்கம். ஆனால் முடிவு தெரிந்ததும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவார்கள். தோற்றவர் ஓட்டுவார். இதைப் பகை என்று எழுத எனக்குக் கூசுகிறது.

"அவள் கண்களில் ஒரு கனவு..." சீச்சீ.

3.

சினிமாவைக் கதை வரிசையில் எடுப்பதில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். கூட்ட அரங்கம் ஒரு நாள் சும்மா கிடைத்தது என்று கடைசிக் காட்சியை முதலில் எடுத்தாள். தோற்ற தலைவர் முழு மீசையோடு படியிறங்கிப் போகிறார், சலூன்காரர் பதவியேற்கிறார். அதன்பின் அவரவர் வீடும் கடையும் ஒழிந்த நாளைப் பார்த்துப் பார்த்து, பின்னாலிருந்து முன்னால் வந்துகொண்டிருந்தாள்.

வினை அங்கேதான். சலூன்காரர் பதவியேற்றார் என்றால் நிஜமாகவே ஏற்றுக்கொண்டுவிட்டார். மறுநாளிலிருந்து, தலைவர் உட்காரும் முன்பே தான் உட்கார்ந்தார். "ஐயா" என்று குழைய வேண்டிய இடத்தில் "என்னய்யா" என்றார்.

"அப்பா, இந்த சீன்ல நீங்க அவர்கிட்ட கைகட்டி நிக்கிற ஆளு."

"அதான் நேத்தே ஜெயிச்சாச்சே!"

ஒப்பனையும் அவர் பொறுப்புதான். "இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு மாப்பிள்ளை, கேமராவுல தெரியும்." ஒரு வெட்டு. அடுத்த நாள் வலது பக்கம் தூக்கல். இன்னொரு வெட்டு. மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடி வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்.*

(* அவர் மனைவி கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "என்னமோ வயசு கொறஞ்ச மாதிரி இருந்துச்சுக்கா, சொன்னா மறுபடியும் வளத்துடுவாரேன்னு விட்டுட்டேன்" என்றாள்.)

4.

முதல் வரைவில் சலூன்காரரை வில்லனாக்கினேன். "பழிவாங்கும் வெறியோடு அவர் கத்திரிக்கோலை..." அதற்கு மேல் ஓடவில்லை. என் வீட்டுக்காரருக்கு முடி வெட்டுகிறவர் அவர். வில்லனாக்கிவிட்டால் அந்தத் தலையை நான் யாரிடம் அனுப்புவது?

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?" என்றாள் மகள்.

"தலைவருக்கு நாளுக்கு நாள் மவுசு கொறையுதுன்னு நீதானம்மா சொன்ன? அதுக்கேத்தாப்புல கொறச்சேன்."

"மொதல்ல எடுத்தது கடைசி சீன்ப்பா!"

அவர் இப்போதுதான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். அந்த முகத்தில் இருந்தது திகைப்பா, திருட்டுச் சிரிப்பா? நான் காயப்போட்டிருந்த போர்வை மறைத்துவிட்டது. அந்தப் போர்வையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"கீழ கெடக்கிற முடியில ஒண்ணு செஞ்சு ஒட்டிடறேன் மாப்பிள்ளை."

"எவன் முடியோ என் மூக்குக்குக் கீழயா? நான் நடிக்கல. படம் எக்கேடோ கெடட்டும்!"

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன் (அதற்கு ஒரு பத்தி ஒதுக்கியும் வைத்திருந்தேன்). அவளோ சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, மாமா பக்கம் திரும்பினாள்.

"சரி மாமா. நாளைலேர்ந்து உங்க கல்லாவுல நான். மருந்து வாங்க வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இந்தப் படக் கதைய மொதல்லேர்ந்து சொல்வேன். பரவாயில்லையா?"

மருந்துக்கடைக்காரர் யோசித்தார். அப்புறம் தெருவைக் கடந்து என் மாடிப்படியில் ஏறினார். "பால்கனி இந்தப் பக்கமா?" என்றார்.

"எதை முறுக்குறது?"

"இருக்கறத முறுக்குங்க மாமா."

இல்லாததை முறுக்கினார். கை அங்கே போய்த் தேடிவிட்டுத் திரும்பியது.

5.

போட்டி அரங்குக்குத் தெருவே திரண்டு போனோம். படம் தொடங்கியதும் ஒரே சிரிப்பு. கட்சியையே ஆட்டிவைக்கிறவர் மீசைக்குப் பதில் பென்சில் கோடு ஒன்றை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார். அவள் என் பக்கத்தில் நகத்தைக் கடித்தபடி தலை நிமிராமல் இருந்தாள். "முடிஞ்சது, இனி மாமா கடைக் கல்லாதான்" என்று அவள் உதடு சொன்னதைப் பார்த்தேன்.

ஆனால் காட்சிகள் போகப் போகச் சிரிப்பு அடங்கியது. கூட்டாளி ஒருவன் விலகுகிறான், மீசை தடிக்கிறது. இன்னொருவன் விலகுகிறான், நுனி நிமிர்கிறது. எல்லோரும் கைவிட்ட பின், கம்பீரமான மீசையோடு தனியாகப் படியிறங்குகிறார். பின்னால் ஒலிபெருக்கி முன் நிற்கும் வெற்றியாளர் சின்னதாகத் தெரிகிறார். அரங்கம் எழுந்து தட்டியது, தோற்றவருக்காக.

"ஜெயிச்சது நான்தானே? ஏன் அவருக்குத் தட்டுறாங்க?" என்றார் முன்வரிசையில் சலூன்காரர்.

"சும்மா இருண்ணே, நல்லாயிருக்கு" என்றாள் தங்கை, கணவரைப் பார்த்தபடி.

பதவி கழலக் கழல மனிதன் முழுதாகிறான் என்று நடுவர் மேடையில் விளக்கினார். இயக்குநர் அதைத்தான் நினைத்தேன் என்பதுபோல் அடக்கமாகத் தலையாட்டினாள். நான் அவள் காலை மிதித்தேன். அவள் என் காலை மிதித்தாள்.

6.

படம் தேறியது; அவள் எடிட்டிங் வேலைக்கு நகரத்துக்குப் போய்விட்டாள். படத்துக்கு மைக் பிடித்தவனை அவள் கட்டிக்கொள்வாள் என்று இந்தக் கதையில் எழுதியே வைத்திருந்தேன். அவன் மருந்துக்கடைக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு ஊர் மாறிப் போனான். இவர்களெல்லாம் என்னைக் கலந்துகொண்டா எதையும் செய்கிறார்கள்!

மருந்துக்கடைக்காரர் மீசை பழையபடி வளர்ந்துவிட்டது. நாளைக்குச் சங்கத் தேர்தல்; வழக்கம்போல இருவரும் நிற்கிறார்கள். இன்று காலை அவர் சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார், கண்ணைத் திறந்துகொண்டு.

"நுனியில மட்டும் மச்சான்."

"இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கே மாப்பிள்ளை."

கத்திரிக்கோல் மேலே எழுந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார்; மெதுவாகச் சிரித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

மிச்சத்தைப் பார்க்காமலே நான் துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன், வாழ்க்கையில் முதல் முறையாக. பால்கனி காலியாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் நீங்கள் போய்ப் பாருங்கள்.