முன் சக்கரத்துக்கு ஒரு விரல் இடம்

பெரிய டயர் போட்டால் வண்டி உயரும், உயர்ந்தால் மலைப்பாதையின் கற்கள் அடியில் இடிக்காது, இடிக்காவிட்டால் மனைவி இருக்கும் இடத்துக்குப் போய்விடலாம். பிக்கப்காரன் போட்ட திட்டம் இவ்வளவுதான். திட்டம் என்னவோ சரிதான், டயர்தான் ஒத்துவரவில்லை. நேராகப் போகும்வரை சாதுவாக இருந்த முன் சக்கரம், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்ததும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பில் கரகரவென்று உரசியது. அந்தப் பாதையில் எட்டு கொண்டை ஊசி வளைவுகள். எட்டிலும் முழுக்க ஒடித்தாக வேண்டும்.

அவன் மனைவி நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன் மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தபோது, கூட வரச் சொல்லிக் கேட்டாள். சரக்கு ஏற்றுகிறவனுக்கு மலையில் என்ன வேலை என்றான் இவன். அதோடு வாயை மூடியிருக்கலாம். போனால் போ, நான் வந்து கூப்பிடுவேன் என்று மட்டும் நினைக்காதே என்று வேறு சொல்லித் தொலைத்தான். சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் நாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு போனில் மகளோடு மட்டும்தான் பேச்சு. ஒரே ஒரு தடவை வீம்பை விட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான். நாலாவது வளைவில் பாறை இடித்து எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப் உடைந்து, கயிறு கட்டி இழுத்து வரப்பட்டான். இழுத்து வந்த மெக்கானிக்கைத் தவிர யாருக்கும் அது தெரியாது.

இப்போது அவளுக்குக் கீழேயே மாற்றல் கிடைத்திருக்கிறது. மகள்தான் சொன்னாள். ஆனால் புது ஆஸ்பத்திரியில் குவார்ட்டர்ஸும் உண்டு. அம்மா அங்கே போவாளா, நம் வீட்டுக்கு வருவாளா என்று மகளுக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்க இவனுக்கு வாய் வரவில்லை. மலைக்குப் போகும் வாடகை ஜீப்பில் போனால் ஆளைப் பார்க்கலாம், கட்டில் பீரோவோடு குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. சொந்த வண்டியோடு போய் அவள் வாசலில் நின்றுவிடுவது என்று முடிவு செய்தான்.

அந்த மெக்கானிக்கை எல்லோரும் மில்லி மாஸ்டர் என்பார்கள். சாப்பாட்டு இலையைக்கூட மில்லிமீட்டரில் அளந்து போடுகிற ஆள். மறைப்பைக் கழற்றி உரசிய ஓரத்தை அறுத்தார். சேறு தடுக்கும் ரப்பரை எடுத்தார். முன் ஸ்பிரிங்குகளுக்கு மேல் தடித்த வளையம் வைத்து வண்டியைத் தூக்கினார். பிறகு ஒரு சக்கரத்தை மரக்கட்டைமேல் ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கச் சொல்லி, இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் தாராளமாகப் போனது. இவன் சாவிக்குக் கை நீட்டினான்.

"காலி வண்டி உரசாம இருக்கறதுல என்ன இருக்கு?" என்றார் மாஸ்டர். "பக்கத்து சீட்ல யாரு உக்காருவாங்க?"

இவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். "என் சம்சாரம். பொண்ணு."

கிலோ எவ்வளவு என்று கேட்டார். அந்த எடைக்கு மணல் மூட்டை வைத்துப் பார்க்காமல் அவர் கடையிலிருந்து வண்டி வெளியே போகாது. சம்சாரம் ஐம்பத்திரண்டு என்று இவன் யோசிக்காமல் சொன்னான். மாஸ்டர் தராசில் நிறுத்து மூட்டையைக் கட்டினார். மகளுக்கு எவ்வளவு என்று அவனுக்குத் தெரியவில்லை. தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த கனம் இன்னும் நினைவில் இருந்தது. ஆனால் அது நாலு வயதுக் கனம். பெற்ற பிள்ளையின் எடை தெரியாத தகப்பனாக நிற்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட ஏக்கமாக இருந்தது. உத்தேசமாகச் சொல்கிறேனே என்றான். உத்தேசமெல்லாம் தன் கடையில் நடக்காது, போன் போட்டுக் கேள் என்றார் மாஸ்டர்.

மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம். மனைவிதான் எடுத்தாள்.

"பாப்பா என்ன வெயிட் இருப்பா?" என்றான். மூன்று வருஷம் கழித்து அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"இருபத்திரெண்டு. போன வாரம்தான் பாத்தேன். எதுக்கு?"

எதுக்கு என்று கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டயர், உரசல், எட்டு வளைவு, மணல் மூட்டை, யாருக்கும் தெரியாத அந்த ஆயில் சம்ப் வரைக்கும். கூட வா என்ற ஒரு வார்த்தைதான் வரவில்லை.

"எனக்கு எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"அம்பத்திரெண்டு."

"அது அப்போ. இப்போ நாப்பத்தஞ்சுதான். அந்த அளவுக்கு வச்சுப் பாத்துட்டு வாங்க."

போனைப் பையில் வைத்துவிட்டு அவன் மூட்டையின் கட்டை அவிழ்த்தான். மாஸ்டர் முறத்தை நீட்டினார், அவன் வாங்கவில்லை. ஏழு கிலோ மணலையும் வெறுங்கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டான். அழுதுகொண்டேதான் போட்டான்.