பதினைந்து வருடம் பிந்திக் கேட்ட காது

முள்ளிவாய்க்கால் கிழக்கில் இருந்த ஆன்சலாவின் வலது காது இன்றைய சத்தத்தைக் கேட்டது. இடது காது சரியாகப் பதினைந்து வருடத்துக்கு முந்திய சத்தத்தைக் கேட்டது. இரண்டு காதிலும் மாட்டியிருந்த கருவிகள் ஒரே பெட்டியிலிருந்து வந்தவைதான். 2010 தை மாதம் வவுனியா முகாமில் ஒரு தொண்டு நிறுவனம், ஷெல்லில் காது போனவர்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு கொடுத்தது. வலதைப் போட்டதும் முகாமின் தண்ணீர்ச் சண்டை கேட்டது. இடதைப் போட்டதும் சொந்த வீட்டுக் குசினியில் தேங்காய் துருவுவது கேட்டது. அந்த வீட்டுக்கு அப்போது கூரைகூட இல்லை. கருவி கொடுத்த பெண் கேட்கிறதா என்று சைகையில் விசாரிக்க, ஆன்சலா ஓமென்று தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவள் கெட்டிக்காரி. அந்தப் பழக்கம்தான் அவளை உள்ளே தின்றுகொண்டிருந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்வோம்.

மாசி மாதம் ஒரு மத்தியானம் இடது காதில் பச்சைக்குழந்தை அழுதது. தாய்க்குத் தெரியாத அழுகையா அது. அவளுடைய ஒரே மகன் கொலின்ஸ் பிறந்த அழுகை. அவன் காணாமற்போய் அப்போது பத்து மாதம். அன்றிலிருந்து ஆன்சலா மகனை இரண்டாம் முறை வளர்த்தாள். மழலை, இருமல், பள்ளிக்கூடம் போகாமல் இருக்கச் சொன்ன பொய்கள் எல்லாம் திகதி தவறாமல் வந்தன. புருஷன் மரியநேசன் முதலில் பயந்தார். பிறகு கடலால் வந்து வலையை உதறிப் போட்டதும், இன்றைக்குப் பெடியன் என்ன கதைச்சவன் என்று கேட்பதே அவருக்கு வழக்கமாயிற்று. 2017இல் கண்ணை மூடுமுன்னும் அதைத்தான் கேட்டார். புது நன்மைக்குச் செபம் பாடமாக்குகிறான் என்று அவள் சொல்ல, சமாதானமாய்ப் போய்ச் சேர்ந்தார். 2019 மார்கழி இருபத்தாறாம் திகதி காலை கடல் வந்துவிட்டது என்று கத்தி, அயல்வீட்டுக் கிழவரையும் இழுத்துக்கொண்டு அவள் றோட்டுக்கு ஓடினாள். கடலோ நிழலில் படுத்த கன்றுக்குட்டி போல் கிடந்தது. சனம் சிரித்தது, பிறகு திகதியை யோசித்துப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டது.

தலையாட்டிய கதை இது. 2009 தவக்காலத் தொடக்கத்தில் ஒரு ஷெல் பக்கத்தில் விழுந்து ஆன்சலாவின் இரண்டு காதும் அடைத்துப் போயின. பெரிய வெள்ளியன்று பொக்கணையில், இரட்டைப் பனைக்குப் பக்கத்தில் வெட்டிய பதுங்குகுழிக்குள் அவள் இருந்தாள். மரியநேசன் கஞ்சிக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தார். பதினாலு வயதுக் கொலின்ஸ் மஞ்சள் தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு, குழி வாசலில் குனிந்து ஏதோ சொன்னான். ஒரு சொல்லல்ல, நீளமாகச் சொன்னான். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை கவலைப்படக்கூடாதே என்று ஓமென்று தலையாட்டினாள். அவன் சிரித்துவிட்டுப் போனான். பின்னேரம் ஷெல் கிட்டக் கிட்ட வர, வெறுங்கையோடு திரும்பிய மரியநேசன் அவளைச் சனத்தோடு சனமாகத் தெற்கே இழுத்துப் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ விசாரணை, எத்தனையோ படிவம். கடைசியாக என்ன சொன்னார் என்று எல்லாவற்றிலும் ஒரு கேள்வி இருந்தது. தண்ணிக்குப் போறன் எண்டிருப்பான் என்றார்கள் சிலர். களப்பைக் கடந்து ஆமிப் பக்கம் போகட்டோ என்று கேட்டிருப்பான் என்றார்கள் வேறு சிலர். எதற்கு ஓம் என்றோம் என்பது பெற்ற தாய்க்கே தெரியவில்லை. சோறு இறங்காத நாட்களில் அவள் தன் தலையைத்தான் சுவரில் இடித்துக்கொண்டாள்.

ஆகவே அவள் 2024க்காகக் காத்திருந்தாள். ஆனால் கருவிகள் காத்திருக்கவில்லை. வலது கருவி மூன்று வருடத்துக்கு முன்பே உப்புத்தண்ணீர் பட்டுச் செத்துப்போனது. இன்றைய உலகம் அவளுக்கு அதோடு ஊமையாகி, அயலவர்கள் கொப்பியில் எழுதிக் காட்டினார்கள். இடதும் கரகரக்கத் தொடங்கியது. முல்லைத்தீவுக் காது கிளினிக்கில் வேலைபார்த்த வினோஜா என்ற பிள்ளை, பொருத்திய குழாய் மஞ்சளித்துவிட்டது, இதற்கு இனிச் சாமான் வராது என்று எழுதிக் காட்டி, மேசையில் மூன்று சோடி புதுக் கருவிகளைப் பரப்பினாள். ஒன்று காதுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். ஒன்று கைபேசியோடு சேரும். ஒன்று பெரியது, தூரத்தில் நடப்பதையும் இழுக்கும், காற்றையும் சேர்த்து இழுக்கும். தேவையில்லாத இரைச்சலைப் புதுக் கருவிகள் வெட்டிவிடும் என்றும் எழுதினாள். தேவையில்லாதது எதுவென்று கருவிக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று ஆன்சலா கேட்டாள். புதியது வேண்டுமென்றால் பழையதை ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் திட்டமும் சித்திரையோடு முடிகிறது. பெரிய வெள்ளி கழியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாசியில் அந்த ஷெல் இரண்டாம் முறை அவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு இடது காதில் வந்ததெல்லாம் அவள் முதன்முதலாகக் கேட்பவை. அம்மாவுக்குக் கேக்காதெண்டு அவாவுக்கு முன்னால அழாதேங்கோ அப்பா என்று மகன் தகப்பனை அதட்டுவதை அப்போதுதான் கேட்டாள். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதைக்கும் போகாமல், காலையிலிருந்து கதிரையில் அசையாமல் இருந்தாள். மத்தியானம் மகன் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டான். பின்னேரம் ஒரு சுண்டு மாவுக்காக மரியநேசன் யாரோடோ வாய்த்தர்க்கப்பட்டார். கான் சத்தமே வரவில்லை. பொழுது பட்டுவிட்டது. கருவி கைவிட்டுவிட்டது, அல்லது கடவுள் கைவிட்டுவிட்டார். இரண்டில் எதுவென்று யோசிக்கவும் அவளுக்குத் தெம்பு இருக்கவில்லை. புதன்கிழமை கிளினிக்குக்குப் போய் இடது கருவியைக் கழற்றி மேசையில் வைத்து, எதெண்டாலும் தாங்கோ பிள்ளை என்றாள். வினோஜா காதுக்குள் ஒளியும் சோடியைத் தெரிவு செய்து மாட்டிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காகமும் மோட்டார் சைக்கிளும் தெளிவாகக் கேட்க, ஆன்சலா பஸ்ஸில் இருந்து அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் விஷயம் வெளித்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு ஸ்ரனிஸ்லஸ் சுவாமியாரின் குரலை அவள் கேட்கிறாள். அவர் அந்தக் கிழமை நினைவுப் பூசைகளை வாசித்துக்கொண்டு போனார். வருகிற புதன், சித்திரை பத்தாம் திகதி, பெரிய வெள்ளியன்று பொக்கணையில் இறந்த செபமாலை என்பவரின் பதினைந்தாம் ஆண்டு நினைவு. ஆன்சலா பூசை நடுவில் எழும்பி நின்றாள்.

"சுவாமி, அந்த வருசம் பெரிய வெள்ளி பத்தாம் திகதியோ?"

சுவாமியார் கண்ணாடியைக் கழற்றி, ஓம், சித்திரை பத்து என்றார். கடற்கரைச் சனம் நாளைத் திகதியால் வைத்திருப்பதில்லை. அந்தோனியார் திருநாளுக்கு மூன்றாம் நாள் பிறந்தவன், மாதா கொடியேற்றத்தன்று வள்ளம் வாங்கினது என்றுதான் வைத்திருக்கும். அந்தத் திருநாள்களெல்லாம் இருந்த இடத்தில் இருக்க, பெரிய வெள்ளி மட்டும் வருடா வருடம் இடம் மாறும், இந்த வருடம் பங்குனியிலேயே வந்துவிட்டது. இது ஆன்சலாவுக்குத் தெரியாததல்ல, மகன் போன நாள் என்று வந்தபோது மறந்துபோனாள். கருவியோ ஞானஸ்நானம் பெறாதது. அது திகதியை மட்டுமே அறியும்.

திங்கட்கிழமை கிளினிக் திறக்குமுன் அவள் வாசலில் நின்றாள். பழைய கருவிகள் பெட்டியோடு வவுனியாவுக்குப் போய்விட்டன. அவள் கதவடியில் விழுந்து கதறிய கதறலில் வினோஜா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டிக்குள் எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம், அறுபத்துமூன்று. ஆன்சலா ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தாள். ஒன்றில் கலியாண வீட்டு மேளம். ஒன்றில் யாரோ ஒரு தாய் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அந்தத் தொகுதியில் பலதும் அப்படித்தான் இருந்திருக்கின்றன. சொன்னால் பழுதென்று பிடுங்கிவிடுவார்கள் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாற்பத்தோராவதில் மரியநேசன் செபமாலை சொல்ல, கொலின்ஸ் நித்திரைத் தூக்கத்தோடு பதில் சொன்னான். ஆன்சலா புதுச் சோடியைக் கழற்றி அந்த இடத்தில் வைத்தாள்.

புதன்கிழமை வினோஜாவும் அவளோடு இருந்தாள், கையில் நாலு பற்றறியோடு. மத்தியானம் கருவி இரண்டு தரம் விம்மி அடங்கியது, பற்றறி மாற்றினார்கள். பிறகு கான் பனங்குற்றியில் முட்டும் சத்தம் கேட்டது. ஆன்சலா, காதில் விழுந்ததை விழுந்தபடி வாய்விட்டுச் சொன்னாள்.

"அம்மா, நான் தண்ணியோட வருமட்டும் இந்த இடத்த விட்டுப் போயிடாதேங்கோ. பிறகு நான் கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேக்காது."

அதற்குத்தான் ஓம் என்றிருக்கிறாள். வினோஜா கருவியைக் கழற்றப் போக, கையைத் தட்டிவிட்டாள். பின்னேரச் சத்தங்களும் வந்தன. ஷெல், சனம், மரியநேசனின் மூச்சு, மணலில் இழுபடும் அவளுடைய கால். அதற்கெல்லாம் பின்னால், தூரத்தில், அம்மா என்று ஒரு தரம். இன்னொரு தரம். கதிரையில் இருந்த ஆன்சலா பதினைந்து வருடம் பிந்தித் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது.

அடுத்த கிழமை அவள் கிளினிக்குக்குப் போய்ப் பழைய கருவியைத் தானாகவே பெட்டியில் போட்டாள். இந்த முறை எதெண்டாலும் தாங்கோ என்று சொல்லவில்லை. மூன்று சோடியையும் மாறி மாறி மாட்டி, வெளியே மணலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வினோஜாவைத் தூரத்திலிருந்து நடந்து வரச் சொன்னாள். அரை நாள் நடந்ததில் வினோஜாவின் செருப்பு அறுந்தது. கடைசியில் பெரிய சோடியை எடுத்தாள். அது காற்றையும் சேர்த்துக் கேட்கும், தலையிடிக்கும் அன்ரி என்று வினோஜா எச்சரித்தாள். காற்று வந்தால் பரவாயில்லை, அவன் வாறது கேட்டால் காணும் என்றாள் ஆன்சலா.

பொக்கணையில் இரட்டைப் பனையில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதற்குக் கீழே நாலு தகரத்தில் கொட்டில் போட்டு அவள் குடியேறினாள். சுவாமியார் கூப்பிட வந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினார். கிராம சேவகர் இரண்டு தரம் மறுத்துவிட்டு, மூன்றாம் தரம் பெயரை அந்த ஊர்ப் பதிவில் சேர்த்தார். பஸ்காரர் கேட்காமலே நிறுத்தினார்கள். மாதத்துக்கு ஒருக்கால் வினோஜா கருவியைப் பரிசோதிக்க வந்தாள். ஆனியில் ஒரு காலை அதைக் கழற்றித் துடைத்து, தன் காதில் வைத்துப் பார்த்தாள். தூரத்தில் மணலில் ஒருவர் நடந்து வந்துகொண்டிருந்தார், கொஞ்சம் அவசரமாக, பாரம் ஒரு பக்கம் இழுக்க. கானில் தண்ணீர் தளம்பியது. வினோஜா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கடற்கரை வரைக்கும் ஆளில்லை. கருவி நன்றாக வேலை செய்கிறது என்று அட்டையில் எழுதி, திகதி போட்டு, திருப்பி ஆன்சலாவின் காதில் மாட்டிவிட்டாள்.