நாலு சில்லும் தரையில்

யோசெப்பீன் மாமிக்கு மார்ச் மாதம் வலது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு காலை மடித்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவரால் இருக்க முடியவில்லை. ஆனால் திருநாளுக்குக் கியூபெக் நகரத்துக்கு அப்பால் இருக்கும் அன்னம்மாள் கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவதாக அவர் நேர்ந்திருந்தார். மொன்றியலிலிருந்து மூன்றரை மணித்தியால ஓட்டம்.

மாமியின் கணவர், என் தாய்மாமன் அருமைராசா மாமா, கூட்டாளி ஒருவரிடம் வார இறுதிக்கு மோட்டர்ஹோம் என்ற வீட்டுவண்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். உள்ளே கட்டில் இருந்தது. மாமி காலை நீட்டிக்கொண்டு வரலாம். சிக்கல் போய்ச் சேர்ந்த பிறகுதான். அவ்வளவு பெரிய வாகனம் திருநாள் கூட்டத்துக்குள் கோவில் வாசல்வரை போகாது. அதை விடும் இடத்திலிருந்து மாமியால் நடக்கவும் முடியாது.

"என்ரை காரைப் பின்னாலை கொளுவி இழுத்துக்கொண்டு போகலாம், மாமா" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன இரவு நித்திரை வரவில்லை.

நான் பகலில் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துக் கம்பனியில் பெட்டி அடுக்குகிறேன். செவ்வாயும் வியாழனும் மாலையில் கார் திருத்தும் வகுப்பு. எல்லாம் பிரெஞ்சில். பாதிதான் விளங்கியிருக்கும் என்ற பயத்தில் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி, வீட்டுக்கு வந்து மறுபடியும் எழுதுவேன். என் கார் சின்னது, கையால் கியர் மாற்றுவது. அதை வேறு வண்டியில் ஏற்றாமல், நாலு சில்லும் தரையில் உருள இழுக்கலாம் என்று அதன் கைநூலிலேயே போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நாலு தரம் வாசித்தேன். இழுக்கும் கம்பி மோட்டர்ஹோமோடு வந்தது. அது பிடிக்கும் இரும்பை என் காரின் முன்பக்கத்தில் வகுப்புப் பட்டறையில் நானே பூட்டினேன். கொப்பியில் பதினான்கு வரிகள் எழுதினேன். நியூட்ரல், ஹான்ட்பிரேக், சங்கிலி, பின்விளக்கு என்று போகும். ஒன்பதாவது வரி: திறப்பு காரின் சாவித்துளையிலேயே, முதல் நிலைக்குத் திருப்பியபடி இருக்கவேண்டும், எடுத்தால் ஸ்டியறிங் பூட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை எங்கள் கோவில் முற்றத்திலிருந்து புறப்பட்டோம். ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, பதினான்கு வரிக்கும் சரி போட்டேன். பிறகு உள்ளே ஏறி, வழியில் சாப்பிடச் செய்த றோல்ஸ் பெட்டிகள் சரியாதபடி அடுக்கிக் கட்டினேன். வெளியே பாதர் வாகனத்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மாமா எஞ்சினைப் போட்டார்.

முற்றத்தின் முதல் வளைவில் பின்னால் 'கிரீச்' என்று ஒரு சத்தம். றப்பர் எரியும் மணம். மாமா சடக்கென்று நிறுத்தினார்.

"நான் அப்பவே நினைச்சனான், உது சரிவராது. கழட்டு பிள்ளை, கார் இஞ்சையே நிக்கட்டும்."

"வகுப்பிலை கழட்டத்தான் முதல் படிப்பிச்சிருப்பினம், என்ன மச்சாள்?" என்றாள் அவருடைய மகள் கிறேஸ்.

கட்டிலில் இருந்து மாமியின் குரல் வந்தது. "கார் இல்லாட்டி நான் அங்கை தவண்டே போறது? என்னையும் இறக்கி விடுங்கோ. நான் வரேல்லை."

இரும்பைக் கோணலாகப் பூட்டிவிட்டேனோ? வகுப்பில் விளங்காத அந்தப் பாதியில்தான் முக்கியமானது இருந்ததோ? 'சரி மாமா' என்று சொல்ல வாய்வரை வந்தது.

"பத்து நிமிஷம் தாங்கோ" என்றுதான் சொன்னேன்.

முதலாவது வரியிலிருந்து தொடங்கினேன். ஆணிகள் இறுக்கம். கம்பியைப் பூட்டும் ஊசிகள், சங்கிலி சரி. பிறகு தரையைப் பார்த்தேன். பின் டயர்கள் எந்த அடையாளமும் விடவில்லை. ஆகவே பின்சில்லைப் பிடிக்கும் ஹான்ட்பிரேக் அல்ல. முன் டயர்கள் இரண்டும் பக்கவாட்டில் இழுபட்டுத் தரையில் கறுப்புத் தடம் விட்டிருந்தன. அவை உருண்டிருக்கின்றன, ஆனால் திரும்பவில்லை. ஒன்பதாவது வரி. காரின் கதவைத் திறந்தேன். திறப்பு இருக்கவேண்டிய துளை வெறுமையாக இருந்தது.

கொப்பியில் அந்த வரிக்கு நேரே என் சரி அடையாளம். பாராமலே போட்டேனா? இல்லை. என் கையால் திருப்பியது விரலில் இன்னும் நினைவிருந்தது.

"காரிலை இருந்த திறப்பை ஆர் எடுத்தது?"

கட்டிலில் இருந்தபடி மாமி மெதுவாகச் சொன்னார்: "நான்தான் எடுப்பிச்சனான். மோட்டர்ஹோமின்ரை திறப்பை மட்டும் பாதர் மந்திரிச்சால், இழுபட்டு வாற காருக்கு ஆர் காவல்? ரண்டையும் பாதரின்ரை தட்டிலை வைச்சனான்."

"வைச்சது சரி. பேந்து ஏன் திருப்பிப் போடேல்லை?"

"கதவும் பூட்டாமல் திறப்பும் உள்ளையோ? மொன்றியலிலை ஆர் அப்பிடி விடுவினம்? என்ரை ஹான்ட்பாக்கிலை பத்திரமா இருக்கு."

"ஆரைக் கொண்டு எடுப்பிச்சனீங்கள்?"

கிறேஸ் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மா கேட்டவ, எடுத்தன். எனக்கென்ன தெரியும்?"

"சரி மச்சாள், வகுப்பிலை உனக்கும் ஒரு இடம் பாக்கிறன்" என்றேன். பாதருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கைக்குட்டையில் சுற்றியிருந்த திறப்பில் தீர்த்தம் இன்னும் காயவில்லை. அதைப் போட்டு முதல் நிலைக்குத் திருப்பினேன். ஸ்டியறிங் இரண்டு பக்கமும் இலகுவாகச் சுழன்றது. டயர்களைத் தடவிப் பார்த்தேன்; மேல் தோல் மட்டும்தான் தேய்ந்திருந்தது. மாமாவை முற்றத்தைச் சுற்றச் சொல்லிவிட்டு வெளியே நின்றேன். மோட்டர்ஹோம் வளைந்தது. ஆளில்லாத என் கார் தன் முன்சில்லுகளைத் தானே திருப்பிக்கொண்டு, சத்தமில்லாமல் பின்னால் வந்தது.

"இன்னொருக்கா, மாமா."

"எனக்குத் தலை சுத்துது பிள்ளை!"

"மற்றப் பக்கமாச் சுத்துங்கோ."

சுற்றினார். அதற்கும் வந்தது. ஸ்டியறிங்கில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டினேன்: 'மந்திரிச்சாச்சு. இனி ஒருத்தரும் தொடாதேங்கோ.'

நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலை முழுக்க நான் பின்யன்னலில் காரைப் பார்த்தபடி இருந்தேன். துருவா றிவியேர் நகரில் நிறுத்தி ஒவ்வொரு சில்லையும் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு நிமிடத்தில் காரைக் கழற்றினேன். பக்கத்து மோட்டர்ஹோமில் வந்த வெள்ளைக்காரக் கிழவர் வந்து பார்த்து, யார் கொளுவியது என்று பிரெஞ்சில் மாமாவைக் கேட்டார். மாமா நெஞ்சை நிமிர்த்தி என்னைக் காட்டினார். "என்ரை மருமகள்" என்று தமிழிலேயே சொன்னார். கிழவர் தொப்பியைக் கழற்றினார்.

மாமியை முன்சீற்றில் இருத்தி, கோவில் வாசல்வரை ஓட்டினேன். கூட்டம் விலகி வழிவிட்டது. கார்க் கதவிலிருந்து மெழுகுதிரி மேடைக்கு இருபத்தொரு அடி. ஒரு கை ஊன்றுகோலில், மற்றது என் தோளில். திரி ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. மாமி கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"திரும்பிப் போகேக்கையும் நீதான் காரைக் கொளுவவேணும், றெஜினா. மாமா கிட்ட வந்தால் இந்த ஊன்றுகோலாலை போடுவன்."

"ஓம் மாமி" என்றேன்.