கிளிப்பச்சைச் சட்டை

எல்லாவற்றுக்கும் காரணம் என் புருஷனின் வாய்தான். காத்தான்குடி மெயின் வீதியில் அவருக்கு ஒரு புடவைக் கடை இருக்கிறது. இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொழும்பிலிருந்து ஒரு துணி இறக்கியிருந்தார். நல்ல கிளிப்பச்சை, அதில் தங்க நிறத்தில் வண்ணத்துப்பூச்சிகள். கடைக்கு வந்த பெண்களிடமெல்லாம், "எண்ட மகளுக்கும் இதுதான் தைக்கிற" என்று சொல்லிச் சொல்லியே விற்றார். துணிக்காரன் தன் சொந்தப் பிள்ளைக்குத் தைக்கிற துணி மோசமாகவா இருக்கும் என்று ஊரும் நம்பியது. பெருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போதே எல்லாச் சுருளும் முடிந்து, மிஞ்சிய துண்டைக்கூட யாரோ தலையணை உறைக்கு வாங்கிப் போனார்கள்.

எங்கள் வீட்டில் பெருநாளென்றால் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே துணிதான். என் ராத்தா, எனக்கு மூத்தவள் ஸஹீதாவின் வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள் இருக்கின்றன. உம்மா எங்கள் இரண்டு பேருக்கும் சீதனமாகக் கட்டித் தந்த வீடுகள், நடுவில் ஒரு மதில்கூட இல்லை. அவள் பிள்ளைகள் இரண்டும் என் மகள் அம்னாவும் எந்த வீட்டில் பசிக்கிறதோ அந்த வீட்டில் சாப்பிடுவார்கள், எந்த வீட்டில் தூக்கம் வருகிறதோ அங்கேயே படுப்பார்கள். மூன்று சட்டையையும் நான்தான் தைத்தேன். கடைசியாகத் தைத்தது அம்னாவுடையது. அதற்குக் கீழ்மடிப்பு அடிக்கும்போது பச்சை நூல் முடிந்துபோனது. உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிவப்பு நூலைப் போட்டு அடித்துவிட்டேன்.

பெருநாளுக்கு மறுநாள், வாவிக்கரையில் புதிதாகத் திறந்திருந்த பூங்காவுக்குப் போவதாக முடிவானது. தன்னாமுனைப் பக்கம், ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, அன்னப் படகு எல்லாம் இருக்கிற இடம். காலையில் அம்னாவுக்குச் சட்டை போட்டு, பொத்தானைப் பூட்டிவிட்டு, நாடியைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"இஞ்ச பாரு. அங்க போய்த் தண்ணிக்குக் கிட்டப் போன, சட்டைய நனச்ச, உன்ன அங்கயே விட்டுத்து வந்துருவன். சொல்லிப்போட்டன்."

"ஓம் உம்மா."

ஐந்து வயது. இரண்டு கையாலும் பாவாடைப் பகுதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முற்றத்துத் தண்ணீர்க் குழாயைச் சுற்றி எட்டத்தால் நடந்து வான் வண்டிக்குப் போனாள். ராத்தா சிரித்தாள். "ஒண்ட வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும் றஸீனா" என்றாள். என் வாய் அப்படித்தான். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் யாரையாவது எங்கேயாவது விட்டுவிட்டு வருவேன் என்று கணக்கே இல்லை. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பூங்காவுக்குள் கால் வைக்க இடமில்லை. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி மூன்று ஊரும் அங்கேதான் இருந்தன. அதோடு மட்டக்களப்பு டவுன் சனமும். ஒலிபெருக்கியில் பைலா பாட்டு காதைக் கிழித்தது. பொரித்த இறால் வடை வாசமும் டீசல் புகையும் ஒன்றாக வந்தன. உள்ளே போனதும் என் கண்ணில் பட்டது ஒரு கிளிப்பச்சைச் சட்டை. அங்கால இன்னொன்று. ராட்டின வரிசையில் நாலைந்து. என் புருஷன் ஸாஹிரின் முகம் பூரித்துப் போனது.

"பாத்தயா? அதுவும் நம்மட கட. அதுவும்."

"பாத்தன், பாத்தன். ஒரு போர்ட்டும் கொண்டுவந்து தொங்கவிட்டிருக்கலாம்" என்றேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ராட்டினத்துக்கு வரிசையில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பிள்ளைகள் ஐஸ்கிறீம் என்று பிடுங்கியெடுத்ததால் ராத்தா அவர்களைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் இடத்தை விடாமல் வரிசையிலேயே நின்று அவ்வப்போது திரும்பிப் பார்த்தேன். ஐஸ்கிறீம் வண்டிக்குப் பக்கத்தில் ராத்தாவின் கறுப்பு அபாயா, அதைச் சுற்றி மூன்று கிளிப்பச்சை. சரி, மூன்றும் இருக்கின்றன. மறுபடி பார்த்தேன். மூன்று. மனம் ஆறுதலாக இருந்தது. இவரோடு கடைக் கதை பேசினேன்.

ராத்தா திரும்பி வந்தாள். அவளோடு அவள் மூத்த மகள் இர்ஷானாவும் இர்ஷானாவின் தங்கச்சியும் வந்தார்கள். மூன்றாவது பிள்ளை வண்டியடியிலேயே நின்று, வேறொரு பெண்ணின் கையைப் பிடித்தது.

"அம்னா எங்க?"

"ஒன்னோட இல்லையா? அவ அப்பயே 'உம்மாக்கிட்டப் போறன்'னு சொல்லிக்கு ஓடி வந்தாளே. இஞ்ச ஒன்னோட பச்சச் சட்ட ஒண்டு நிண்டத நானும் பாத்தனே."

என் பக்கத்தில் பார்த்தேன். எனக்கு முன்னால் நின்ற ஏறாவூர்க் குடும்பத்தின் பிள்ளை. அதே துணி. ராத்தா அந்தப் பிள்ளையைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறாள், நான் வண்டியடியில் நின்ற பிள்ளையைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறேன். எங்கள் பிள்ளை எங்கள் இருவரிடமும் இல்லை.

யா அல்லாஹ்.

ஓடினேன். முதலில் கண்ட கிளிப்பச்சையின் தோளைப் பிடித்துத் திருப்பினேன். அம்னா இல்லை. அடுத்தது. அம்னா இல்லை. பம்பர் காரடியில் ஒன்று நின்றது. பின்னல், உயரம், நடை எல்லாம் அவள்தான். "அம்னா!" என்று கத்திக்கொண்டு வாரியெடுத்தேன். பிள்ளை வீரிட்டு அழுதது. அதன் தாய் என் கையிலிருந்து பறித்தெடுத்து, "என்னகா, பைத்தியமா ஒனக்கு?" என்றாள். நான் அடுத்த பச்சையைப் பார்த்து ஓடினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் தங்க வண்ணத்துப்பூச்சிதான். ஒவ்வொன்றும் அவளாகத்தான் இருக்கும் என்று நெஞ்சு குதிக்கும், முகம் திரும்பும், வேறு பிள்ளை. அந்தத் துணியை அங்கேயே கிழித்துக் கொளுத்த வேண்டும் போலிருந்தது. எனக்கு அப்படியொரு பயம் அதற்கு முன் வந்ததே இல்லை.

இவர் அறிவித்தல் கூண்டுக்கு ஓடினார். பாட்டை நிறுத்தினார்கள். "காத்தான்குடியைச் சேர்ந்த அம்னா, வயது ஐந்து, கிளிப்பச்சை நிறச் சட்டை, தங்க நிற வண்ணத்துப்பூச்சி..." என்று ஒலிபெருக்கி சொன்னது. சொல்லி முடிக்கவில்லை, சனம் நாலு பக்கத்தாலும் பச்சைச் சட்டைப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. நல்ல மனதோடுதான் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் அழ, பின்னாலேயே தாய்மார் ஓடிவர, கூண்டடி சந்தையாகிவிட்டது. கூண்டுக்குள் இருந்தவன், "பச்சச் சட்டப் புள்ளையள் மட்டும் இந்தப் பக்கம்! மத்தவங்க தள்ளி நில்லுங்க!" என்று கத்தினான்.

நான் ஒவ்வொரு முகமாகத் திருப்பினேன். இல்லை, இல்லை, இல்லை. பக்கத்தில் கவுன் போட்ட ஒரு டவுன் பெண், பறங்கிக்காரி போலிருந்தாள், சிவப்புத் தொப்பி வைத்த ஒரு பொடியனின் கையைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்காரனிடம் ஏதோ சொல்ல முயன்றாள். "அன்டி, காணாமப் போனது பொம்புளப் புள்ள. பொடியனக் கூட்டிட்டு அங்கால போங்க" என்று அவன் எரிந்து விழுந்தான். வழியை மறைத்துக்கொண்டு நின்றதால் நானும் அவர்களைத் தள்ளிவிட்டுத்தான் போனேன்.

அப்போதுதான் படகுத் துறைப் பக்கமிருந்து ஒருவர் ஓடிவந்தார். "தண்ணிப் படியில ஒரு பச்சச் சட்ட கிடக்கு" என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

எப்படி அங்கே போனேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று வழியில் கழன்று போயிருந்தது. துறையின் கடைசிப் படியில், அரைவாசி தண்ணீருக்குள்ளும் அரைவாசி வெளியிலுமாக அந்தச் சட்டை கிடந்தது. யாரோ எடுத்து நீட்டினார்கள். இதே சட்டை இந்த இடத்தில் எத்தனையோ இருக்கின்றன, இது வேறு யாருடையதாவதாக இருக்கட்டும் ரப்பே, வேறு யாருடையதாவதாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே கீழ்மடிப்பைப் புரட்டினேன். இன்னொரு தாய்க்கு அது வரட்டும் என்றுதான் நான் கேட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அப்படித்தான் வந்தது.

சிவப்பு நூல்.

என் தொண்டையிலிருந்து வந்தது என் குரலாகவே இல்லை. படகுக்காரர்கள் இரண்டு பேர் குதித்தார்கள். வாவித் தண்ணீர் கலங்கிக் கறுத்துக் கிடந்தது, அடியில் பாசி. நேற்றுவரை பார்த்துப் பார்த்து வளர்ந்த தண்ணீர்தான், இன்றைக்கு அது வேறு தண்ணீராக இருந்தது. யாரோ ஒரு புத்திகெட்ட மனிதன் பின்னால் நின்று, "இதுக்குள்ள முதலையும் இரிக்கி" என்றான். நீந்தத் தெரியாத என் புருஷன், பெருநாள் வெள்ளைச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவினார். "மகள், மகள்" என்று தண்ணீரிடம் கூப்பிட்டார். ராத்தா என்னைக் கட்டிப் பிடித்திருந்தாள். இல்லாவிட்டால் நானும் இறங்கியிருப்பேன்.

"தங்கச்சி! தங்கச்சி, இஞ்ச பாருங்க!"

சனத்தைப் பிளந்துகொண்டு அந்தப் பறங்கிக்காரி வந்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. கையில் அதே பொடியன்.

"உங்கட புள்ள இது! எத்தின தரம் சொல்லுற, ஒருத்தரும் காதுல எடுக்கல்ல. தண்ணி பீச்சுற இடத்துல முழுக்க நனஞ்சு நடுங்கிட்டு நிண்டா. ஆரோ ஒரு கறுப்பு அபாயாவ நீங்கண்டு நினைச்சுப் பின்னால போயிருக்கா. நான்தான் எண்ட மகன், வெய்ன், அவன்ட உடுப்ப மாத்திப்போட்டு, சட்டையப் புழிஞ்சு இந்தக் கம்பியில காயப்போட்டன். காத்துக்கு விழுந்திருக்கு."

அவள் பெயர் ஐறிஸ் என்பது பிறகுதான் தெரியும். அவள் அந்தத் தொப்பியைக் கழற்றினாள். உள்ளே சுருட்டி வைத்திருந்த இரண்டு பின்னலும் அவிழ்ந்து தோளில் விழுந்தன.

அம்னா.

"ஸாஹிர்!" என்று கத்தினேன். ஊரில் எந்தப் பெண்ணும் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், நானும் கூப்பிட்டதில்லை. அவர் திரும்பிப் பார்த்து, தண்ணீருக்குள் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார். சுற்றி நின்ற சனம் "அல்ஹம்துலில்லாஹ்" என்றது. யாரோ கைதட்டினார்கள்.

நான் கையை நீட்டினேன். "வா மகள். உம்மாக்கிட்ட வா."

அவள் வரவில்லை. ஐறிஸின் கவுனைப் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்னால் போனாள். அழவில்லை. அழுது முடித்த முகம். என் கையில் இருந்த ஈரச் சட்டையை மட்டும் பார்த்தாள்.

"என்ன மனே? உம்மாடா. பயந்துட்டயா?"

"நீங்க என்னப் பாத்தீங்க" என்றாள்.

"எப்ப?"

"அங்க, அந்த மைக் கூண்டடியில. நான் உம்மா உம்மாண்டு கூப்பிட்டன். நீங்க என்னப் பாத்தீங்க. பாத்துட்டுத் தள்ளிவிட்டுத்துப் போனீங்க." ஈரச் சட்டையை மறுபடி பார்த்தாள். "சொன்ன மாதிரியே விட்டுத்துப் போனீங்க."

நான் முகத்தைப் பார்க்கவில்லை, பச்சையைத்தான் பார்த்தேன் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? "இல்ல மகள், இல்ல, உம்மா காணல்ல, உம்மா சத்தியமாக் காணல்ல" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் நம்பவில்லை. அவள் கண்ணால் கண்டதல்லவா?

பிறகு, மெல்ல வந்தாள். என் மடிக்கு வரவில்லை. என் கையிலிருந்த சட்டையை வாங்கி, படிக்கட்டில் உட்கார்ந்து, முழங்காலில் விரித்துப் போட்டாள். சின்னக் கையால் சுருக்கத்தை நீவி, கன்னம் உப்ப, வண்ணத்துப்பூச்சிகளுக்கு மேல் ஊதத் தொடங்கினாள்.

"கொஞ்சம் பொறுங்க உம்மா" என்றாள். "இப்ப காஞ்சிரும். காஞ்ச உடன என்னயும் கூட்டிட்டுப் போங்க."